வெள்ளைப் பிச்சியும் கருந்தரையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விடியற்காலையில் முக்கடல் சங்கமத்துப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சூரியன் தலைகாட்டியதும் அத்தனை கைகளும் மேலே போகும், கைக்கொரு செல்போன். அப்புறம் படத்தைப் பார்த்தால் வானம் வெளுத்துப் போய், சூரியன் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பொட்டு. "நல்ல போன் ஒண்ணு வாங்கணும்டே" என்று அங்கேயே பேச்சு கிளம்பிவிடும். வாங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வெளிச்சத்தை யார் தீர்மானிப்பது, நீங்களா போனா? விஷயம் அங்கே இருக்கிறது.

போன் கேமரா எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருட்டு அதிகமாக இருந்தால் கூட்டும், பளிச்சென்று இருந்தால் குறைக்கும். புதுப் போன்கள் முகத்தையும் வானத்தையும் ஓரளவு அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆனாலும் இந்தப் பழக்கம் முழுசாகப் போய்விடவில்லை. விடியலில் கடலும் பாறையும் இருட்டாகக் கிடக்கின்றன. போன் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, சூரியன் வெளுத்துப் போகிறது.

திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தை விரலால் தொடுங்கள். ஒரு கட்டமோ வட்டமோ வரும். பெரும்பாலான போன்களில் அதன் அருகே சின்னச் சூரியன் போல ஓர் அடையாளம் இருக்கும். அதைக் கீழே இழுங்கள். ஆரஞ்சு நிறம் திரும்பி வருவது கண்ணுக்கே தெரியும். வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் கறுத்த உருவங்களாக நிற்கும். நிற்கட்டும், விடியலுக்கு அதுதான் அழகு.

தோவாளைப் பூச்சந்தையில் கதை நேர் எதிர். பிச்சிப்பூக் குவியல் திரை முழுக்க நிறைந்தால், போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது பறித்த பூ முந்தாநாள் பூ போல மங்கித் தெரியும். இங்கே அந்த அடையாளத்தை மேலே தள்ள வேண்டும். எதுவரைக்கும்? ஒவ்வொரு இதழின் ஓரமும் தனித்தனியாகத் தெரிகிறவரைக்கும். அதைத் தாண்டினால் குவியல் ஒரே வெள்ளைக் கட்டியாகிவிடும், பிறகு எந்தச் செயலியாலும் இதழைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரை இன்னொரு பாடம். மரச் சன்னல் வழியாக வரும் வெளிச்சம் அந்த வழுவழுப்பில் விழுகிற அழகே தனி. போன் அதையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், கீழே இழுங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு என்பதால் கை சற்று ஆடினாலும் படம் கலங்கும். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை ஒரு நொடி பிடித்துக்கொண்டு எடுங்கள்.

இரவில் 133 அடிச் சிலைக்கு ஃபிளாஷ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது. விளக்கு போட்ட சிலையைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும். மாறாக, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும் அம்மாவின் முகம் கறுத்துத் தெரிகிறதா, அங்கே அதே ஃபிளாஷ் கைகொடுக்கும். அம்மாவைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்வது அதைவிட நல்லது.

நம் கடற்கரைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, உப்புக்காற்று. முட்டத்திலோ சொத்தவிளையிலோ சற்று நேரம் நின்றால் லென்ஸில் பிசுபிசுப்பு ஏறிவிடும், படம் புகைமூட்டமாக வரும். முதலில் ஊதி மணலைப் போக்குங்கள், பிறகு சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். மணல் ஒட்டிய முந்தானையோ கைலியோ வேண்டாம், கீறல் விழும்.

விரலால் விரித்துப் பெரிதாக்குவதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எல்லைக்கு மேல் அது படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். படகில் போகிறவர்கள் பாறையை நெருங்கும்வரை பொறுத்திருந்து எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. சட்டம் போட்டு மாட்டும் படத்தை ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருங்கிப் போகும். டாக்குமெண்ட் என்று இருக்கும் வழியில் அனுப்புங்கள், எடுத்த தரம் குறையாமல் போய்ச் சேரும். நன்றி, வணக்கம்.