தனி வீடு கேட்கிறோம், இதில் கூத்துக்கு என்ன வேலை?

தோட்டக் குடியிருப்பைத் திட்டமிடக் கூத்தும் நாடகமும் உதவும் என்று நான் சொன்னதற்கு, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்களுக்கு வேண்டியது வீடும் தண்ணியும். அதுக்குள்ள கலை, திட்டமிடல் என்று எதுக்குப் பேசுறீங்க?"

சரியான கேள்விதான் தம்பி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரில் பூப்படம் வரைந்து போட்டோ பிடித்துக்கொண்டு போவதுதான் கலை என்றால் எனக்கும் அது வேண்டாம்.

இதுவரை கொடுத்த தனி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) காணி, அதில் 550 சதுர அடி வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் (அறையில்) கிடந்த சனத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிளானைக் கொஞ்சம் பாருங்கள்: வீட்டுக் காணி வரிசை, ஊடே பாதை, அவ்வளவுதான். பிள்ளைகள் எங்கே விளையாடுவது, சாவு வீட்டுக்கு வந்த சனம் எங்கே உட்காருவது, மாசி மாதம் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் எங்கே ஊன்றுவது? லயத்தை நான் கொண்டாடவில்லை, அது ஆளை அடைத்து வைக்கக் கட்டியது, ஆனாலும் வாசல், பீலிக்கரை (தண்ணி பிடிக்கும் இடம்), காமன் பொட்டல் (கூத்தாடும் வெளி) எல்லாம் சனங்கள் புழங்கிப் புழங்கியே உண்டாக்கிக்கொண்ட இடங்கள்.

காமன் கூத்து நாளில் ரதியும் மதனும் ஆடிவரும்போது பின்னாலேயே நடந்து பாருங்கள். எந்தப் படியில் பாட்டி தடுமாறுகிறார், எந்தக் கானில் (வடிகாலில்) அழுக்குத் தண்ணி தேங்குகிறது, எந்த முடக்கில் லைட் இல்லாமல் பொம்பளப் பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள், எல்லாம் அந்த ஒரு நடையில் தெரியும். அளக்க வருகிற அதிகாரி பகலில் வருவார், அந்நேரம் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களைக் கேட்காமலே குழாய் எங்கே என்று முடிவாகிவிடும். பொழுதுபட்ட பிறகு பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) சின்ன நாடகம் போட்டு, பாதியில் நிறுத்தி, "இந்த அக்கா குடத்தோட எந்த வழியா வருவா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள் எழுந்துவந்து நடந்தே காட்டுவார்கள்.

மண்சரிவு வேறு கதை. 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களே புதைந்தன, அங்கே ஆபத்து என்று முன்னாடியே சொல்லியிருந்தார்கள். கூத்தாடி மலையை நிறுத்த முடியாது, அதற்குப் பாதுகாப்பான காணிதான் வேண்டும்.

அப்புறம் ஒன்று. முன்பெல்லாம் தோட்டத்துக்குள் வேலை செய்ய எங்களுக்குச் சட்டம் இல்லை என்று பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) கையை விரிக்கும். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தச் சாக்கு இல்லை. அதனால் வீட்டுக் காணிக்கு முளைக்குச்சி அடிக்கும் முன்பே பொதுப் பொட்டலைக் குறிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். குச்சி அடித்த பிறகு யாரும் தன் காணியில் அரை பேர்ச் விட்டுத்தர மாட்டார்கள்.