அம்மா வீட்டுக்குப் போனது யார்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணித் தம்பிகளுக்கும், சாப்பாட்டு வாசனை வந்த பிறகும் இடத்தைவிட்டு நகராத உங்களுக்கும் வணக்கம்.

டேனியல் பூன் குடும்பத்தைத் தாங்கியது அவருடைய துணிச்சலா, மனைவி ரெபெக்காவின் உழைப்பா? இதுதான் தலைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கென்டக்கிக் காட்டுக்குள் பாதை வெட்டிக் குடியேறிய வேட்டைக்காரர்தான் இந்த டேனியல். கென்டக்கியில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நாம் பேச வேண்டிய தலைப்புதான். டேனியல் வருவதற்கு முன்னால் இந்த நிலம் பூர்வகுடிகளான ஷானி மக்களும் செரோக்கி மக்களும் வேட்டையாடிய காடு. அதைக் கேட்டு வாங்கினார்களா, கேட்காமல் எடுத்துக்கொண்டார்களா என்பதற்கு இன்னொரு பட்டிமன்றம் வைக்க வேண்டும். சங்கத்துச் செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, 1775-ல் டேனியல் கம்பர்லாந்து கணவாய் வழியாகப் பாதை வெட்டியதைச் சொன்னார், அங்கே அவர் கட்டிய பூன்ஸ்பரோ கோட்டையைச் சொன்னார். எல்லாம் சரி, நான் மறுக்க வரவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள். "புருஷன் எதிரியிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவர்தானே உங்கள் ரெபெக்கா!"

கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரும்பாலும் வேட்டிகள்.

அதனால் எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். அம்மா வீட்டு விவகாரத்தையே பேசிவிடுவோம்.

1778 பிப்ரவரி. அமெரிக்கா விடுதலைக்காக பிரிட்டிஷாரோடு போரிட்டுக்கொண்டிருந்த சமயம். கோட்டையில் உப்பு தீர்ந்துவிட்டது. உப்பில்லாவிட்டால் இறைச்சி நிற்காது, இறைச்சி இல்லாவிட்டால் குளிர்காலம் தாண்டாது. டேனியல் ஆட்களோடு புளூ லிக்ஸ் என்ற உப்பு ஊற்றுக்குப் போயிருக்கிறார். அங்கே பெரிய பெரிய கொப்பரைகளில் உப்புநீரைக் காய்ச்சுவார்கள். காய்ச்சிக் காய்ச்சி, விறகு வெட்டியவன் கை போனாலும் கொப்பரை அடியில் ஒட்டுவது கொஞ்சம் உப்புதான். அந்த இடத்தில் ஷானிகளின் தலைவர் பிளாக்ஃபிஷ் படையோடு வந்துவிட்டார். டேனியல் சிக்கினார். சண்டை போட்டால் எல்லோரும் செத்தோம் என்று கணக்குப் போட்டு, தன் ஆட்களையும் சரணடையச் சொன்னார். புத்திசாலித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? தம்பி இந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் போக மாட்டேன்.

பிளாக்ஃபிஷ் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார்! தலைமுடியைப் பிடுங்கி, உச்சியில் மட்டும் குடுமி விட்டு, ஆற்றில் முழுக்காட்டி, வெள்ளை ரத்தம் போய்விட்டது, இனி நீ எங்கள் பிள்ளை என்றார்கள். பெரிய ஆமை என்று அர்த்தம் வரும்படி ஷெல்டோவீ என்று பெயர் வைத்தார்கள். 43 வயசு மனுஷனுக்குப் பெயர் சூட்டு விழா! புது அப்பா, புது அம்மா, வேளா வேளைக்குச் சாப்பாடு. ஒன்றல்ல, இரண்டல்ல, நாலு மாதம்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. அம்மா வீட்டில் போய் உட்கார்ந்தது யார்?

இன்னொரு தடவை சொல்லவா? ரெபெக்கா போனது பெற்ற வீட்டுக்கு. இவர் இருந்தது தத்து வீட்டில்!

சரி, இந்த நாலு மாதமும் கோட்டைக்குள் என்ன நடந்தது? பிடிபட்டவர்களில் ஒருவர் முதலில் தப்பி வந்தார். வந்தவர் பூன் நல்லபடியாக இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. பூன் பிரிட்டிஷ்காரன் பக்கம் சாய்ந்துவிட்டான் என்றார். ஊர் வாயை மூட முடியுமா? ஒரு பக்கம் துரோகியின் மனைவி என்று ஏச்சு, இன்னொரு பக்கம் ஆள் செத்தே போயிருப்பான் என்று பேச்சு. கையில் சின்னப் பிள்ளைகள். அந்த அம்மா என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? கோட்டை வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பாட்டுப் பாடவா?

மூட்டை கட்டினார். ஆமாம், கட்டினார்! குதிரைகளின் முதுகில் மூட்டையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மலைத்தொடரைத் தாண்டி, நூற்றுக்கணக்கான மைல் தூரம் வட கரோலினாவுக்குப் போய்ச் சேர்ந்தார். தம்பி ஏதோ ராத்திரி பஸ் பிடித்துப் போனதுபோல் சொல்கிறார். அதே காட்டுப் பாதை, அதே ஆபத்து. டேனியல் போனால் வரலாறு, ரெபெக்கா போனால் கோபித்துக்கொண்டு போனதா?

ஜூன் மாதம் டேனியல் தப்பித்தார். நாலே நாளில் 160 மைல். வீரம்தான், தட்டுங்கள் கை. வந்து குடிசைக் கதவைத் திறக்கிறார். அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஆள் இல்லை. கல்யாணமாகிவிட்ட மகள் ஜெமைமா மட்டும்தான் கோட்டையில் தங்கியிருந்தாள். குடும்பத்தில் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். ரெபெக்கா போனதிலிருந்து கண்ணிலேயே படாத வீட்டுப் பூனை, அவர் உட்கார்ந்ததும் எங்கிருந்தோ வந்து மடியில் ஏறிப் படுத்துக்கொண்டதாம். பிளாக்ஃபிஷ் படைக்கு அசராத டேனியல் பூன், காலி வீட்டில், மடியில் பூனையோடு! மனைவி ஊருக்குப் போன வாரத்தில் நம் வீட்டு ஆண்கள் எப்படி இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காவது பூனை வந்தது.

செப்டம்பரில் ஷானிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள், டேனியல் தாக்குப்பிடித்தார். துரோகி என்று ராணுவ விசாரணை வைத்தார்கள், குற்றமற்றவர் என்று வெளியே வந்தார், பதவி உயர்வும் கிடைத்தது. உடனே எங்கே போனார்? ரெபெக்காவைத் தேடி வட கரோலினாவுக்கு! எப்போது கூட்டிக்கொண்டு திரும்பினார்? 1779 இலையுதிர் காலத்தில்! ஷானிகளிடமிருந்து தப்பிக்க நாலு நாள். மாமனார் ஊரிலிருந்து மனைவியைக் கிளப்பிக்கொண்டு வர ஏறக்குறைய ஒரு வருஷம்!

அந்த ஒரு வருஷத்தில் என்ன பேசினார்கள்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1784-ல் ஜான் ஃபில்சன் என்பவர் டேனியல் பூனே தன் கதையைச் சொல்வதுபோல் ஒரு நூல் எழுதினார். மனுஷன் உலகப் புகழ் பெற்றதே அந்த நூலால்தான். அதில் முற்றுகை இருக்கிறது, சண்டை இருக்கிறது, காடு, எருமை, மான் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. மனைவியை அழைக்கப் போன இடம் வந்ததும் என்ன சொல்கிறார் தெரியுமா? நான் ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு திரும்பிய கதை பெரிய சங்கடங்களின் கோர்வை, சொன்னால் ஒரு நூலே ஆகும், இங்கே அது தேவையில்லாததால் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன் என்கிறார்!

வேண்டுமென்றே! ராணுவ விசாரணையில்கூட வாயைத் திறந்த மனுஷன். கேட்டால், ஒரு நூலே ஆகும், விட்டுவிடுகிறேன்! இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு கணவரிடமும் அப்படி எழுதாமல் விட்ட ஒரு நூல் இருக்கிறது.

நடுவர் மணியில் கை வைக்கிறார். தலைப்புக்கு வந்துவிடுகிறேன் அய்யா. சம்பாத்தியம்? 1769 மே மாதம் வேட்டைக்குப் போனார், இரண்டு வருஷம். சேர்த்த தோல் அத்தனையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பறிபோய், வெறுங்கையோடு திரும்பினார். அவர் போயிருந்தபோது, அந்த டிசம்பரில் பிறந்த மகன், அப்பா வந்து சேரும்போது நடக்கிற பிள்ளை. நிலம்? ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உரிமை கோரினார், பட்டா சரியில்லாமல் கையை விட்டுப் போனது. ஊரார் நிலப்பத்திரம் வாங்கக் கொடுத்தனுப்பிய 20,000 டாலர் 1780-ல் வழியில் களவு போனது. இதற்கு நடுவில் ரெபெக்கா பெற்றது 10 பிள்ளைகள். வளர்த்தது அதற்கும் மேலே: கல்யாணமான புதிதிலேயே டேனியலின் அண்ணன் விட்டுப்போன பிள்ளைகள் இரண்டு பேர், பிற்பாடு மனைவியை இழந்த தன் உடன்பிறந்தவரின் பிள்ளைகள் ஆறு பேர். யார் தாங்கினார்கள் என்று இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். 1773 அக்டோபர். வட கரோலினாவில் யாட்கின் ஆற்றுப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, குடும்பமும் சுற்றமுமாக முதல் தடவை கென்டக்கிக்குக் கிளம்பியிருந்தார்கள். மூத்த மகன் ஜேம்ஸுக்கு 16 வயசு. மாவும் மற்ற சாமானும் வாங்கிக்கொண்டு சிலரோடு பின்னால் வந்தவன், முன்னால் போனவர்கள் இறங்கிய இடத்துக்குச் சில மைல் தூரத்திலேயே இரவு தங்கினான். விடிவதற்குள் பூர்வகுடிப் படையினர் தாக்கினார்கள். அவன் எப்படிச் செத்தான் என்பதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன், குழந்தைகள் இருக்கிறார்கள். அடக்கம் செய்ய டேனியலின் தம்பி கிளம்பியபோது, ரெபெக்கா மூட்டையைப் பிரித்து இரண்டு லினன் விரிப்புகளை எடுத்துக் கொடுத்தார். புது வீட்டுக்கு என்று மடித்து வைத்துக் கொண்டுவந்த விரிப்பு. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. மகன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தைக் கிளின்ச் ஆற்றங்கரையில் இரவல் குடிசையில் கழித்தார்கள்.

இரண்டே வருஷத்தில் அதே பாதையில், அதே கென்டக்கிக்கு, டேனியலோடு திரும்ப வந்தார் அந்த அம்மா. 1782-ல் அதே புளூ லிக்ஸில் நடந்த சண்டையில் இன்னொரு மகன், இஸ்ரேல், 23 வயசு, அப்பாவின் கண்ணெதிரே குண்டடிபட்டு விழுந்தான். அந்தச் செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1813-ல் மிசௌரியில், 74 வயசில், மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் இடத்தில் வேலையாக இருந்தபோதுதான் ரெபெக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. மார்ச்சில் இறந்துபோனார். டேனியல் இன்னும் ஏழு வருஷம் பிள்ளைகள் வீட்டில் மாறி மாறி இருந்தார். தன்னையும் ரெபெக்கா பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

தம்பி, டேனியல் பூனே எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று தெரியவில்லை. நன்றி, வணக்கம்.