பல் வெண்மையாக்கும் பொருட்கள்: பெட்டியில் எதைப் படித்துப் பார்க்க வேண்டும்?

வணக்கம். வீட்டிலேயே பல்லை வெண்மையாக்கலாம் என்று பேஸ்ட், ஸ்ட்ரிப், ஜெல், கரித்தூள் எல்லாம் விற்கிறார்கள். வாக்குறுதி ஒன்றுதான். பல்லில் அவை செய்யும் வேலைதான் வேறு வேறு.

(திரையில்: பல்லின் குறுக்குவெட்டுப் படம்)

மேலே இருப்பது எனாமல். ஒளி ஓரளவு ஊடுருவும். உள்ளே டென்டின், அதன் இயல்பான நிறமே மஞ்சள்தான். எனாமல் தேயத் தேய அந்த மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் கரித்தூள் போட்டு அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேல்கறை போகும், சரி. கூடவே எனாமலும் தேயும், அது திரும்ப வளராது. எலுமிச்சைச் சாற்றின் அமிலமும் எனாமலை அரிக்கும்.

வெண்மையாக்கும் பேஸ்ட் பெரும்பாலும் டீ, காபி, புகையிலைக் கறைகளை நீக்கும். அவ்வளவுதான்.

(திரையில்: ஜெல் பெட்டியின் பின்பக்கம்)

உள்நிறத்தை மாற்றுவது பெராக்சைடு. எனாமலைக் கடந்து உள்ளே போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கும். பெட்டியில் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு என்று இருக்கும். இரண்டின் அளவையும் நேராக ஒப்பிடாதீர்கள்: 10% கார்பமைடு பெராக்சைடில் கிடைப்பது சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடுதான். இரவில் பல்லின் மேல் மாட்டும் ட்ரேயில் ஜெல் வைத்துத் தூங்கும் முறையை ஹேவுட், ஹைமன் என்ற பல் மருத்துவர்கள் 1989-இல் இந்த 10% ஜெல்லை வைத்துத்தான் விவரித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 0.1%-க்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருளை நேரடியாகக் கடையில் விற்கக் கூடாது. 6% வரை பல் மருத்துவர் வழியாகத்தான் கிடைக்கும்.

பல் கூச்சம் வரலாம். பெரும்பாலும் நிறுத்திய சில நாளில் போய்விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டும் உதவும். ஜெல் ஈறில் பட்டால் எரியும், வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று கூடுதல் நேரம் மட்டும் வைக்காதீர்கள்.

அப்புறம், கிட்டோடு வரும் நீல விளக்கு. வேலை செய்வது ஜெல்தான்; விளக்கால் பெரிய வித்தியாசம் கிடையாது.

(திரையில்: ஒரு பல் மட்டும் சாம்பல் நிறத்தில்)

வாங்கும் முன் பல்லைச் சோதித்துக்கொள்ளுங்கள். சொத்தை இருந்தால் ஜெல் உள்ளே இறங்கி வலிக்கும். அடைத்த பல்லின் ஃபில்லிங்கும் கேப்பும் வெளுக்காது, சுற்றியுள்ள பல் மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். ஒரே ஒரு பல் மட்டும் கருத்திருந்தால், அதன் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அதற்கு ஜெல் வாங்காமல் முதலில் பல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.