செங்காந்தளுக்குக் கீழே குனியுங்கள்

[காட்சி: வேலியோரக் கொடி. மேலிருந்து எடுத்த படம்.]

போன ஐப்பசியில் நான் எடுத்த முதல் படம் இது. நம் மாநில மலர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்; சிவப்புக் காகிதத்தைக் கசக்கிப் போட்டதுபோல் இருக்கிறது. பூவின் மேல் குறையில்லை. நின்ற வாக்கில் எடுத்தது என் சோம்பல்.

செங்காந்தள் நிலத்தைப் பார்த்துத் தொங்கும் பூ. இதழ்கள் ஆறும் பின்னால் மடங்கி வானத்தைப் பார்க்கின்றன. மேலிருந்து எடுத்தால் இதழ் நுனிகள்தான் கிடைக்கும்.

[காட்சி: பக்கவாட்டுப் படம், எதிர்வெயில்.]

பூவின் மட்டத்துக்கு உட்காருங்கள். நெளிநெளியான விளிம்பு, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. சங்கப் புலவர்கள் காந்தளைப் பெண்களின் விரலுக்கு ஒப்பிட்டார்கள். அந்த விரல்கள் இந்தக் கோணத்தில்தான் தெரிகின்றன. காலை வெயில் பூவுக்குப் பின்னால் இருக்கட்டும். மெல்லிய இதழ் ஒளியை உள்ளே விட்டுத் தீக்கொழுந்தாகிவிடும்.

[காட்சி: தலைகீழாகப் பிடித்த கைப்பேசி, தரையோடு.]

இனி, எனக்கு மிகப் பிடித்த இடம். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் தரைக்கு அருகே வந்துவிடும், நீங்கள் படுக்க வேண்டியதில்லை. அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். ஆறு மகரந்தத்தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரிந்திருக்கும். நடுவில் பச்சைச் சூலகம். அதன் நுனியிலிருந்து சூல்தண்டு நேராக இறங்காமல், சட்டென்று செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்புவதைக் கவனியுங்கள். மேலே நின்று எத்தனை படம் எடுத்தாலும் இது அகப்படாது.

வானம் பின்னணியில் வருவதால் பூ கறுத்துப்போகும். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கோணத்துக்காகக் கொடியை இழுத்து வளைக்காதீர்கள். செடி முழுவதும் நஞ்சு. கிழங்கில் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தொட்டிருந்தால் கையைக் கழுவிவிடுங்கள்.

[காட்சி: செம்பருத்தி, முன்னும் பக்கமும்.]

செம்பருத்தியின் சிக்கல் வேறு. நேர் எதிரே நின்றால் நடுவில் நீண்டிருக்கும் தண்டு வெறும் மஞ்சள் புள்ளியாகச் சுருங்கிவிடும். அதன் நுனி தெளிவாக இருந்தால் இதழ் மங்கும். மிக அருகில் எடுக்கும்போது முன்னும் பின்னுமாகச் சிறிதளவு தூரம்தான் தெளிவாக விழும். பக்கவாட்டில் வந்தால் தண்டு முழுவதும் லென்ஸிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கும்; நுனியிலுள்ள ஐந்து சூல்முடிகளையும் எண்ணலாம்.

[காட்சி: மீண்டும் வேலி.]

கொடிக்கே திரும்புவோம். செங்காந்தள் பூத்து நாளாக ஆக மஞ்சள் வற்றி முழுச் சிவப்பாகும். இதோ, நேற்றைய பூவும் பழைய பூவும் ஒரே கிளையில். இரண்டும் சட்டகத்துக்குள் வர, ஓரடி பின்னால் நகர்கிறேன்.