காலி வண்டியை நம்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிக்கப் வண்டிகளை ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சின், சொகுசு இரண்டையும் பற்றிப் பேச வேண்டும். பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் அங்கே இங்கே போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான டெஸ்ட் டிரைவ் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஷோரூம்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்காருவார். "நேரா போங்க சார், அடுத்த ரவுண்டானாவில திரும்பிடலாம்" என்பார். வழுவழுப்பான தார்ச்சாலை. ஏசி ஜில்லென்று இருக்கும், பாட்டு ஓடும். திரையைத் தொட்டுக் காட்டுவார், கேமராவைக் காட்டுவார். திரும்பி வந்து இறங்கியதும், "எப்படி சார் இருக்கு?" என்பார். நாமும் "நல்லாத்தான் இருக்கு" என்போம். காருக்கு இந்தச் சோதனை ஓரளவு போதும். பிக்கப்புக்குப் போதாது. ஏனென்றால் நீங்கள் ஓட்டிப் பார்த்தது காலி வண்டி. காலி வண்டி பொய் சொல்லும். இன்றைக்கு இதையே நான்கைந்து தடவை சொல்வேன்.

ஏன் பொய் சொல்லும்? பெரும்பாலான பிக்கப்புகளில் பின்சக்கரத்தைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டறையில் பட்டை என்கிறோமே, அது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு டன் அளவுக்குச் சுமை தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியில் ஒன்றுமே இல்லாதபோது அதற்கு வேலை இல்லை, விறைத்துக்கொண்டு நிற்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்பக்கம் துள்ளும். அதே வண்டியில் இருநூறு முந்நூறு கிலோ ஏற்றிப் பாருங்கள், பட்டை வளைந்து கொடுக்க ஆரம்பிக்கும், துள்ளல் அடங்கிவிடும். ஆக, காலியாக ஓட்டும்போது முரட்டு வண்டி என்று நீங்கள் ஒதுக்கியது, லோடோடு போகும்போது சாதுவாக இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரும் உண்டு. பின்பக்கம் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் கம்பி வைத்து, காலியாகப் போனாலும் கார் மாதிரி மெத்தென்று போகும்படி செய்த பிக்கப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஓடுகிற பெரிய வண்டிகளில் ராம் 1500, 2009 மாடலில் பட்டையை எடுத்துவிட்டுக் காயிலுக்கு மாறியது. டொயோட்டா டண்ட்ரா 2022 மாடலில் மாறியது. நடுத்தர அளவில் நிசான் நவாராவின் டபுள் கேபின், அதாவது இரண்டு வரிசை சீட்டு உள்ள ரகம், அப்படி வந்தது. ஓட்ட இதமான வண்டி. ஆனால் ஆஸ்திரேலியாவில், சுமை ஏற்றினால் பின்பக்கம் ரொம்பத் தாழ்கிறது என்று குறை கிளம்பி, நிசான் ஸ்பிரிங்கை மாற்றி அமைக்க வேண்டி வந்தது. காயில் என்றாலே தாழும் என்று சொல்ல வரவில்லை, பட்டை என்றாலே முரடு என்றும் சொல்ல வரவில்லை. காலியாக ஓட்டிப் பார்த்தால் இரண்டுமே உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

என் மைத்துனர் வண்டி வாங்கிய கதையைச் சொல்கிறேன். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், ஏற்கெனவே கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அவர் பம்பு மோட்டார் மாட்டுகிற வேலை செய்பவர். இரும்புக் குழாய், மோட்டார், கருவிப்பெட்டி எல்லாம் பின்னால் போகும். விடுமுறை என்றால் குடும்பம் மொத்தமும் அதே வண்டியில் போகும். இரண்டு டீசல் வண்டிகளில் ஒன்று என்று முடிவு செய்திருந்தார். இரண்டையும் காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, முதல் வண்டிதான் என்று தீர்மானமாகவே இருந்தார். "அது மிதக்குது மாமா, இன்னொன்னு உதைக்குது" என்றார். மாமா என்று என்னைத்தான். வயதில் பத்து வருஷம் இளையவர்.

"சரி, மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டேன். ஷோரூமில் ஒப்புக்கொள்வார்களா என்று தயங்கினார். கேட்டுப் பார்த்தோம். முதல் ஷோரூமில் அந்தப் பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். "சார், தொட்டியில கோடு விழுந்திடும்" என்றான். தார்ப்பாய் விரிக்கிறோம் என்றோம். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். மேனேஜர் வந்து, எங்கள் கையிலிருந்த தார்ப்பாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தொலையட்டும் என்று விட்டுவிட்டார். இருபத்தைந்து கிலோ மூட்டை பன்னிரண்டு, மொத்தம் 300 கிலோ. பின்சீட்டில் மைத்துனரின் அம்மா, எனக்கு அத்தை. முழங்கால் வலிக்காரர். தன்னையும் கூட்டிப்போனால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார்.

மிதந்த வண்டி என்ன ஆனது தெரியுமா? பின்பக்கம் கீழே உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் மேலே தூக்கியதில் பானெட்டைத் தாண்டிச் சாலை குறைவாகத்தான் தெரிந்தது. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏறினோம், ஆனாலும் இறங்கும்போது அடியில் டம்மென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் முழுதும் அமுங்கி, கடைசியில் இருக்கிற ரப்பர் கட்டையில் போய் இடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பையன், "அது ஒண்ணும் இல்ல சார்" என்றான். பின்சீட்டிலிருந்து அத்தை, "ஒண்ணும் இல்லாமலா இப்படிச் சத்தம் போடுது?" என்றார்.

அடுத்து ஒரு மேடு. பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி கிளப்பச் சொன்னேன். கிளட்சை விட்டால் எஞ்சின் திணறியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் 2000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்று, தாண்டுகிறவரை ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் திடீரென்று பாய்ந்தது. கிளட்ச் வாடை கேபினுக்குள் வந்தது. மைத்துனர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டாவது ஷோரூமில் மூட்டைக்கு மறுப்பே சொல்லவில்லை. காலியாக உதைத்த அந்த வண்டி, மூட்டை ஏற்றியதும் அடங்கி, நேராகப் போனது. மேட்டில் கிளட்சை மெல்ல விட்டதுமே நகர்ந்தது, ஆக்ஸிலேட்டரைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வண்டிக்கும் விளம்பரத்தில் போட்டிருந்த குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே எஞ்சினுக்கு வந்துவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது குதிரைத்திறன். சுமை வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது டார்க், அதாவது முறுக்குவிசை, நம் பேச்சில் இழுவை. இறுகிப்போன நட்டைக் குட்டை ஸ்பேனரால் திருப்ப முடியாது, நீள ஸ்பேனர் போட்டால் அதே கை திருப்பிவிடும். அந்தத் திருப்புகிற வலுதான் டார்க். குதிரைத்திறன் என்பது அந்த வலுவை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் தருகிறது என்று சேர்த்துப் பார்க்கிற கணக்கு. சுற்றைக் கூட்டிக்கொண்டே போனால் குதிரைத்திறன் கூடிவிடும். ஆனால் மேட்டில் லோடோடு நிற்கும்போது எஞ்சின் அவ்வளவு சுற்றில் இருக்காது. அதனால் எவ்வளவு டார்க் என்பதோடு, எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். எந்தச் சுற்றில்? இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல உதாரணம், 2011 மாடல் ஃபோர்டு எஃப்-150. அதில் எட்டு சிலிண்டர் உள்ள 5 லிட்டர் வி8 எஞ்சினும் கிடைத்தது, ஆறு சிலிண்டரோடு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இரண்டு வைத்த 3.5 லிட்டர் வி6 எஞ்சினும் கிடைத்தது. வி8 360 குதிரைத்திறன், வி6 365. காகிதத்தில் ஐந்துதான் வித்தியாசம். ஆனால் வி8 தன் முழு டார்க்கை, சுமார் 515 நியூட்டன் மீட்டரை, 4250 ஆர்பிஎம்மில்தான் தரும். வி6 சுமார் 569 நியூட்டன் மீட்டரை 2500 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற்றம் ஏறினால், வி8 கியரைக் குறைத்துக் கத்திக்கொண்டு ஏறும், வி6 சத்தமில்லாமல் ஏறும். அந்தக் கத்தல்தான் வேண்டும் என்கிற வி8 ரசிகர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. டர்போவுக்கும் ஒரு விலை இருக்கிறது. சுமையோடு அழுத்தினால் பெட்ரோலை நன்றாகவே குடிக்கும். மலைப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. டர்போ இல்லாத எஞ்சின், உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் கூடும்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும், காற்று அடர்த்தி குறைவதால். டர்போ அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

டீசலிலும் இதே கதைதான். இசுசு டி-மேக்ஸில் பல நாடுகளில் 1.9 லிட்டர் எஞ்சின் சுமார் 350 நியூட்டன் மீட்டர் தந்தது, 3 லிட்டர் எஞ்சின் 450. ஒரே பாடி. காலியாக ஊருக்குள் ஓட்டினால் சின்ன எஞ்சினே போதும் என்று தோன்றும், பல பேருக்கு நிஜமாகவே போதும். லோடு ஏற்றி மேட்டில் நிறுத்திப் பார்த்துத்தான் உங்களுக்குப் போதுமா என்று சொல்ல முடியும். மறுபடியும் அதேதான், காலி வண்டி பொய் சொல்லும்.

இன்னும் ஒன்று, நீங்கள் வாங்கப் போகிற அதே எஞ்சினை, அதே கியர்பாக்ஸோடு ஓட்டிப் பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் பல நாடுகளில் ஆட்டோமேட்டிக் கியரோடு வந்தால் 500 நியூட்டன் மீட்டர், கையால் போடும் கியரோடு வந்தால் 420. எஞ்சின் ஒன்றுதான், பேட்ஜ் ஒன்றுதான். ஷோரூமில் ஓட்டிப் பார்க்க நிறுத்தியிருப்பது பெரும்பாலும் உச்ச ரகமாகத்தான் இருக்கும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கினால் எப்படி?

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்னாலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டீசல் போடுகிற சத்தமும் அதிர்வும்தான் நீங்கள் தினமும் கேட்கப் போவது. ஐடிலில், அதாவது எஞ்சின் ஓடியபடி வண்டி நிற்கும்போது உள்கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட் கலங்கித் தெரிந்தால் அதிர்வு அதிகம்.

சொகுசுக்கு வருகிறேன். பிக்கப்பில் கேபினும் தொட்டியும் தனித்தனி, இரண்டும் கீழே ஏணி போன்ற ஒரு சேஸ், அதாவது இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, கேபினுக்கு அடியில் ரப்பர் வைத்திருப்பார்கள். பள்ளத்தில் இறங்கினால் ஒரு அடி விழும், அது எல்லா வண்டியிலும் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சின்ன நடுக்கம் வரும், அதைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிற கையில் தெரியும். நல்ல வண்டியில் அது உடனே நின்றுவிடும். சுமாரான வண்டியில் இரண்டு மூன்று தடவை உதறிவிட்டு நிற்கும். இந்தத் தனிச் சேஸே வேண்டாம் என்று காரைப் போலவே செய்தது ஹோண்டாவின் ரிட்ஜ்லைன், 2006 மாடலிலிருந்து. ஓட்டச் சுகம். கனத்த டிரெய்லர் இழுப்பவர்கள் மட்டும் வேறு வண்டி பார்ப்பார்கள்.

இரண்டு வண்டியை ஒப்பிடும் முன் டயர் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால், ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். பல பிக்கப்புகளில் காலியாக ஓட்ட ஒரு அளவு, பின்டயருக்குச் சுமையோடு ஓட்ட இன்னொரு அளவு. ஒன்றில் அளவாகவும் இன்னொன்றில் கல்லு மாதிரியும் காற்று இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது வண்டியை அல்ல, காற்றை.

அப்புறம் பின்சீட்டு. மைத்துனர் கடைசியில் எந்த வண்டி வாங்கினார் என்று கேட்பீர்கள். மூன்றாவது ஒன்றை! மேட்டில் அனாயாசமாக ஏறிய அந்த இரண்டாவது வண்டியில் அத்தையால் ஏற முடியவில்லை. படி உயரம், பிடித்து ஏறக் கதவுத் தூணில் கைப்பிடியும் இல்லை. மகனும் நானும் ஆளுக்கொரு கை கொடுத்து ஏற்றினோம். உள்ளே சாய்மானம் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. கேபினுக்குப் பின்னால் உடனே தொட்டி வந்துவிடுவதால் சாய்க்க இடம் கிடையாது. சீட்டும் தரையை ஒட்டி இருந்ததால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்குத் தாங்கலே இல்லை. "அரை மணி நேரத்துக்கு மேல என்னால முடியாதுப்பா" என்றார். முன்சீட்டில் உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ் முடிப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. போகும்போது நீங்கள் ஓட்டுங்கள், வரும்போது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். பிரேக், நான்கு சக்கர ஓட்டம் இரண்டையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கை லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை, ஆளில்லாத சாலையில் அழுத்திப் பாருங்கள். வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றுகிற சாதாரண வகை வண்டி என்றால், காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திருப்பாதீர்கள். முன்பின் சக்கரங்கள் வேறுவேறு வேகத்தில் சுற்ற முடியாமல் கியர்ப்பகுதி முறுக்கிக்கொள்ளும். மண்ணிலோ சேற்றிலோ மட்டும் போட்டுப் பாருங்கள். ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில் தொங்கும். அதை எப்படி இறக்குவது என்று ஷோரூம்காரரையே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், தொட்டியில் மூட்டை இருக்கும்போதே. வணக்கம்.