பள்ளியில் பண்டிகை கொண்டாடலாமா? சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

வணக்கமுங்க. டிசம்பர் பிறந்தால் கோயமுத்தூர், ஈரோடு பக்கம் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு சண்டை தவறாமல் வரும். எல்கேஜி பிள்ளைக்குச் சிவப்பு டிரெஸ், சாண்டா தொப்பி என்று மெசேஜ் வந்ததும், "ஏனுங்க, விநாயகர் சதுர்த்திக்கு ஒண்ணையும் காணோம், இதுக்கு மட்டும் எதுக்கு?" என்று ஒருவர் ஆரம்பிப்பார், "கொழந்தைங்க சந்தோசமா இருக்கட்டும், விடுங்க" என்பார் இன்னொருவர், ராத்திரி வரைக்கும் ஓடும். இதற்குப் பயந்தே சில பள்ளிகள் பெயரை மாற்றிவிடுகின்றன. தீபாவளி 'ஒளி விழா', கிறிஸ்துமஸ் 'குளிர்கால விழா'. ஈரோட்டில் என்னங்க குளிர்காலம்!

[திரையில்: அமெரிக்க வரைபடம், 1963]

இந்தப் பெயர் மாற்றும் விவகாரம் அமெரிக்காவில் பெரிய அரசியல். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பை தினசரி வழிபாடாக நடத்தக்கூடாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது. மதங்களைப் பற்றிப் பாடமாகப் படிக்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. பிறகு 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்லலாமா என்பதே சர்ச்சையாகி, பள்ளியில் அப்படி வாழ்த்தலாம் என்று டெக்சாஸ் மாநிலம் 2013இல் சட்டமே போட்டது.

[திரையில்: பிரிவு 28]

சரி, நம்மூருக்கு வருவோம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் மிஷன் பள்ளி, தனியார் மெட்ரிக் போன்றவற்றில் மத போதனையோ வழிபாடோ நடந்தால், பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையை அதில் கலந்துகொள்ள வைக்கக்கூடாது. அவ்வளவுதான். பண்டிகையே கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை, பெயரை மாற்றச் சொல்லியும் இல்லை.

பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் மூன்று கல் வைத்து, பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டி, வாசலில் ஆவாரம்பூவும் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகி, பால் பொங்கும்போது மொத்தப் பள்ளியும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிறது. இதில் யாருக்கும் சங்கடம் வருவதில்லை. அப்புறம் ஒரு டீச்சர் தேங்காய் உடைத்து, கற்பூரத் தட்டை வரிசையாகக் கொண்டு வருகிறார், எல்லாப் பிள்ளைகளும் தொட்டுக் கும்பிட வேண்டும் என்கிறார். கடைசி வரிசையில் ஒரு பெண் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். விஷயம் அங்கேதான் மாறுகிறது. "பரவால்ல கண்ணு, நீ கரும்பு வாங்கிட்டுப் போ" என்று டீச்சர் நகர்ந்துவிட்டால் ஒரு பிரச்சினையும் கிடையாது. "உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டால், விழாவுக்கு எவ்வளவு பொதுவான பெயர் வைத்திருந்தாலும் அது கட்டாயம்தான். மிஷன் பள்ளியில் ஜெபத்துக்கும் இதே கணக்கு.

இதற்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 1985இல் கேரளாவில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. 1986இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படியென்றால் கற்பூரத் தட்டு எம்மாத்திரம்?

விடுமுறை விஷயத்தில் நம்ம ஜனங்கள் சண்டை போடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் விழாவுக்கு, அதாவது தீமிதித் திருவிழாவுக்கு, ஈரோடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். எந்த மதத்துப் பிள்ளையும் அந்த லீவு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை!

உங்கள் பிள்ளை வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டாம் என்றால் டைரியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. பள்ளி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. திருப்பூரில் பீகார், ஒடிசா பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள், பீகார்க்காரர்கள் சூரியனைக் கும்பிடும் சட் பூஜைக்கு வீட்டில் என்ன செய்வார்கள் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளை வகுப்பில் ஒரு நாள் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது, டிரெஸ் செலவும் இல்லை.