அவகாசம் என்றொரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் கடைத்தெருவை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன அறை. மலையாளத்தில் இருக்கும் பத்திரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது அங்கே என் வேலை. பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையிலும் ஏலக்காயிலும் உழைத்த நம் ஆட்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நிலப் பட்டயம், பாகப்பத்திரம், வங்கிக் கடிதம் என்று எதையாவது மடித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் எழுதியிருப்பதை நான் என்ன சொல்கிறேனோ, அதை நம்பித்தான் திரும்பிப் போவார்கள்.

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்த்துவிடலாம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் இந்த வேலையில் ஆளைக் கவிழ்க்கும். மலையாளத்தில் ஆதாரம் என்றால் பத்திரம். வெள்ளம் என்றால் தண்ணீர். அவகாசம் என்றால் உரிமை.

சில வருடங்களுக்கு முன்னால் வயதான ஒரு அம்மா தன் பாகப்பத்திரத்தைக் கொண்டுவந்தார். தம்பியின் நிலத்து ஓரமாகப் போகும் பாதையில் நடக்க அவருக்கு 'அவகாசம்' உண்டு என்று ஒரு வரி. நடக்கும் உரிமை உண்டு என்று நான் எழுதியிருக்க வேண்டும். 'நடக்க அவகாசம் உண்டு' என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். "இந்த வழி எத்தனை நாளைக்குத் தம்பி?" என்று கேட்டார். ஏதோ தவணை முறையில் பாதை கொடுத்திருக்கிறார்கள், அது முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது என்று இரண்டு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை.

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த சொல் அது. அப்புறம் எப்படித் தவறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை எழுதும்போது இரண்டு முறை போன் வந்தது. நடுவில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவையும் கேட்டேன். பேசி முடித்து வேலைக்குத் திரும்பினேன், கண் வரியில்தான் இருந்தது. மனசு இன்னும் அந்தப் பேச்சிலேயே நின்றுகொண்டிருந்தது.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. குறிப்பாக அதை முடிக்காமல் விட்டிருந்தால். கவன எச்சம் என்று தமிழில் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் கிளோரியா மார்க் என்ற பேராசிரியர் வேலை செய்கிறவர்களைப் பல வருடம் கூர்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார். 2004 வாக்கில் ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார். பிந்தைய வருடங்களில் அது 47 விநாடியாகச் சுருங்கியிருக்கிறது. ஒரு பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தை 47 விநாடியில் யாரால் பிடிக்க முடியும்?

முதலில் வைராக்கியத்தை நம்பினேன். போனைக் கவிழ்த்து வைத்தேன், சத்தத்தை நிறுத்தினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகப் போய் அதைத் திருப்பிப் பார்க்கும். 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சத்தமில்லாமல் இருந்தாலும் போன் மேசைமேல் இருந்தவர்களைவிட, அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. என் விஷயத்தில் வார்டு சொன்னது அப்படியே உண்மை. அதனால் இப்போது போன் வீட்டிலேயே இருக்கும். வீட்டில் என் அம்மாவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது? பக்கத்துத் தையல் கடைக்காரரின் எண்ணை வீட்டில் கொடுத்திருக்கிறேன். அவசரம் என்றால் அவர் வந்து கூப்பிடுவார். இந்த ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் மனசு அடங்கியது. பயம் இருக்கும்போது கவனம் வராது.

அடுத்தது நேரம். கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வருவதற்கு முன்னால், காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை. கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடித்த கிளாஸைக் கழுவி வைத்ததும் பேனாவை எடுப்பேன். எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு புதிய பழக்கத்தை முடிச்சுப் போட்டுவிட்டால், 'இப்போ தொடங்கலாமா' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. நான் ஜூன் மாத இடவப்பாதி மழையில் தொடங்கினேன். ஓணம் வந்தபோதும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தேன். சபரிமலை சீசனில் ஊரே ஹாரன் சத்தமாக இருந்த நாட்களில்தான், நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். வெளிச் சத்தம் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்தான் இழுக்கிறது.

பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். 'கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணணும்' என்று நினைப்பு வந்தால் அதில் எழுதிவிட்டு வேலையைத் தொடர்வேன். இடையில் எழுந்தே ஆக வேண்டுமென்றால், 'அடுத்தது சர்வே எண், மூலத்தோடு ஒப்பிடு' என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுவேன். இப்படிக் குறித்துவிட்டு எழுந்தால் அந்த எச்சம் குறைகிறது என்று லெராயே பின்னால் காட்டியிருக்கிறார். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ சொன்ன, 25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவெளி என்ற முறையையும் செய்து பார்த்தேன். தொடங்கவே தயங்குகிறவர்களுக்கு அது நல்லது. என் வேலைக்குப் பொருந்தவில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே அறையில் ஐந்து பேர், ஓடிக்கொண்டிருக்கும் டிவி, நடுவில் அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் போனை அடுத்த அறையில் வை என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பிள்ளைக்குச் சொல்வதைவிட வீட்டாரிடம் கேட்கிறேன். ஒரு மணி நேரம் டிவியை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பெண்பிள்ளை என்றால் இதை இரண்டு தடவை கேட்பேன். ஊர் நூலகம் பக்கத்தில் இருந்தால் அங்கே அனுப்புங்கள்.

அந்த அம்மா கேட்டுவிட்டுப் போன மறுநாள், விடியற்காலையில், முதல்முறையாகப் போன் இல்லாமல் உட்கார்ந்து, அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினேன். பாதை வரியைத் திருத்தினேன். இன்னும் இரண்டு தவறுகள் அகப்பட்டன. ஒன்றில் சர்வே எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அதை அந்த அம்மாவும் கவனித்திருக்கவில்லை.